கண்ணிற் பூவும் ஒளிக்கதிரும்

(எமது சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

இன்று பேசுமாறு செயலாளர் எம்மைக் கேட்டபோது "வாலிபரும் விஞ்ஞானமும்" என்னும் தலைப்பைத் தந்தார். அத்தலைப்பு மிகப் பெரிது. அதனுள் எதையும் சொல்லலாம். ஒன்றுஞ் சொல்லாமலும் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடலாம். ஆதலால் அவருடைய அனுமதியோடு அதனை அரை அங்குல அகலமும் நிரம்பாத ஓரிடத்துக்குச் சுருக்கிக்கொண்டோம். கண்ணின் முன்பக்கத்திலுள்ள ஒரு மெல்லிய படலமே அவ்விடம்.

எங்கள் ஊர்ப் பெரியோர் "கண்ணிற் பூ விழுந்துவிட்டது" என்பார்கள். சொல் அழகானது, பொருள் அழகானதன்று. கருமணிக்கு முன்னே வெள்ளையாக ஒரு தழும்பு படிந்து பார்வையை மறைப்பதையே இங்கே பூ என்கிறோம். முதுமையில் வரும் வெண்புரையோடு இதனை மயங்கலாகாது. புரை கண்ணினுள்ளே இருக்கும் வில்லையில் வருவது; நாம் சொல்லும் பூ வெளிப்படலத்தில் வருவது. முற்காலத்தில் வைசூரி கண்டு பிழைத்தவர்கள் பலருக்கு இந்தப் பூ இருந்தது. 1980ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வைசூரி ஒழிந்ததென்று அறிவித்தது. வைசூரியால் விழும் பூவும் அத்துடன் ஒழிந்தது. ஆயினும் வேறு வைரசுக் கிருமிகள் இன்றும் அதே இடத்திற் பூவை விட்டுச் செல்கின்றன. அவ்வாறு வந்த தழும்பை லேசர் என்னும் ஒளிக்கதிரால் எவ்வளவு நீக்கலாம், எவ்வளவு நீக்க முடியாது என்பதே இன்றைய பொருள்.

நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர். அங்கே வேதபாட வகுப்பில் பிறவிக் குருடன் பார்வை பெற்ற கதையைக் கேட்டோம். வீட்டிற்கு வந்தால் அப்பாச்சி கண்ணப்ப நாயனார் கதையைச் சொல்லுவார். இரண்டு கதைகளிலும் பார்வை ஒரு கணத்திலே வந்துவிடுகிறது. லேசர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் பலர் எதிர்பார்ப்பதும் அப்படியொரு கணத்தையே. நாமும் அப்படித்தான் எதிர்பார்த்தோம். ஏன் எதிர்பார்த்தோம் என்பதைச் சொல்லுமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2023ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் எமது விடுதியிற் கண்நோய் பரவியது. ஒருவர் முகந்துடைத்த துவாயை மற்றவர் எடுப்பதும், ஒருவர் தலையணையில் மற்றவர் சாய்வதும் விடுதி வாழ்க்கையிற் சாதாரணம். ஒரு நாட்காலை இமைகள் ஒட்டிக்கொண்டிருக்க எழுந்தோம். பத்துப் பன்னிரண்டு நாளிற் சிவப்பு மாறிற்று. நோய் போய்விட்டதென்று நாம் மகிழ்ந்திருக்க, தெருவிளக்கைப் பார்த்தால் வெளிச்சம் சிதறிப் பரந்தது. விரிவுரை மண்டபத்தில் எழுத்துக்கள் மங்கின. கண்வைத்தியர் பிளவு விளக்கில் வைத்துப் பார்த்து, படலத்தில் நாணயம் போன்ற சிறு சிறு வெண்புள்ளிகள் இருக்கின்றன என்றார். ஸ்டீரொயிட்டுச் சொட்டு மருந்தொன்றைத் தந்து, நாளொன்றுக்கு எத்தனை துளி, எந்த வாரத்தில் எப்படிக் குறைப்பது என்று எழுதியும் கொடுத்தார். மருந்து நன்றாக வேலை செய்தது. மிச்சம் அரைப் போத்தல் எமது மேசை லாச்சியிற் கிடந்தது.

கார்த்திகை மாதத்தில் அடுத்த கட்டிலில் இருந்த எம் நண்பருக்கு ஒரு கண் சிவந்தது. "எமக்கு வந்ததுதான் இது" என்று நாமே வைத்தியராகித் தீர்ப்புச் சொன்னோம். லாச்சியைத் திறந்து அந்தப் போத்தலைக் கொடுத்தோம். மறுநாள் சிவப்புக் குறைந்தது. அவர் எமக்கு நன்றி சொன்னார். அடுத்த பத்து நாளும் அவர் அதனையே விட்டுக்கொண்டிருந்தார். பின்னர் ஒரு நாள், "எனக்குப் பனிக்குள்ளாலை பாக்கிற மாதிரிக் கிடக்குது" என்றார்.

வைத்தியசாலையில் அவர் கண்ணிலே சாயத்துளி விட்டு நீல வெளிச்சத்திற் பார்த்தார்கள். எமக்கு வந்தது வேறு, அவருக்கு வந்தது வேறு. எமக்கு வந்தது அடினோவைரசு. அவருக்கு வந்தது ஹெர்ப்பீஸ் வைரசு. முதலில் மரக்கிளை போல் மெலிதாக ஓடியிருக்க வேண்டிய புண், நாம் கொடுத்த துளிகளின் துணையோடு தேசப்படம் போல் விரிந்திருந்தது. அவருடைய தாயார் ஊரிலிருந்து வந்து வைத்தியசாலை விறாந்தையில் எம்மைக் கேட்டார்: "தம்பி, அந்த மருந்தை ஆர் குடுத்தது?" "நான்தான் அம்மா" என்றோம். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம்.

இந்தப் படலத்தை எமது பாடநூல்கள் விழிவெண்படலம் என்று எழுதுகின்றன. கண்ணாடி போலத் தெளிந்திருக்கும் ஒன்றுக்கு வெண்படலம் என்ற பெயர் எப்படிப் பொருந்தியதோ, எமக்கு விளங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்துகொண்டு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் இன்றிருந்தால் இதைவிட நல்ல சொல்லொன்று தேடியிருப்பார் என்று நினைக்கிறோம். அது கிடக்க. இந்த உரையில் வெறுமனே படலம் என்றே சொல்லுவோம்.

படலத்தின் அகலம் 11 அல்லது 12 மில்லிமீற்றர். நடுவிலே அதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். உள்ளே வரும் ஒளியைக் குவிக்கும் வேலையில் மூன்றிலிரண்டு பங்கைச் செய்வது கண்ணினுள்ளே இருக்கும் வில்லையன்று, இந்தப் படலமே. இதற்குள் இரத்தக் குழாய் இல்லை. தடிப்பிற் பெரும்பகுதி கொலாஜன் என்னும் நுண்ணிய நார்களால் ஆனது. தோலிலும் அதே நார்தான் இருக்கிறது. ஆயினும் தோலூடாக நாம் பார்ப்பதில்லை. படலம் மாத்திரம் ஏன் தெளிவாயிருக்கிறது? 1957ஆம் ஆண்டில் டேவிட் மொறிஸ் என்ற ஆய்வாளர் இதற்கு விடை சொன்னார். படலத்திலே நார்கள் ஒரே பருமனாய், ஒழுங்கான இடைவெளியில், நாற்று நட்டாற்போல நிற்கின்றன. ஒவ்வொரு நாரும் சிதறவிடும் ஒளியைப் பக்கத்து நார்கள் சிதறவிடும் ஒளி அழித்துவிடுகிறது. நேரே செல்லும் ஒளி மட்டும் தங்குகிறது. ஒழுங்கு கெட்டால் தெளிவும் கெடும்.

மார்கழிக் குளிரிலே தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் தெளிந்திருந்த எண்ணெய் விடியற்காலையில் வெள்ளையாய் உறைந்து நிற்கும். புதிதாக ஒன்றும் அதற்குள் வந்து சேரவில்லை. உள்ளே இருந்தவை நிற்கும் முறைதான் மாறியது. கண்ணிற் பூவும் ஏறக்குறைய அவ்வாறே. புண் ஆறும்போது உடல் அவசரமாகப் புது நார்களை இட்டு ஓட்டையை அடைக்கிறது. அந்த நார்கள் ஒழுங்கின்றிக் கிடப்பதால் ஒளி சிதறி வெள்ளையாய்த் தெரிகிறது. எண்ணெய்ப் போத்தலை வெயிலில் வைத்தால் மீண்டும் தெளியும்; தழும்புக்கு அந்த வழி இல்லை.

இரு கிருமிகளையும் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் எமது தவறு இரண்டையும் ஒன்றென்று நினைத்ததில்தான் இருந்தது.

அடினோவைரசு கூட்டங்கூட்டமாகத் தாக்குவது. 1889ஆம் ஆண்டில் வியன்னாவில் ஏர்ண்ஸ்ட் ஃபூக்ஸ் என்ற கண்வைத்தியர் இது போன்ற புள்ளிப் புண்களை விபரித்தார். 1941ஆம் ஆண்டளவில் ஹவாய்த் தீவின் பேர்ள் துறைமுகத்துக் கப்பற்பட்டறைத் தொழிலாளரிடையே பரவி, பின்பு அமெரிக்காவின் மேற்குக் கரைப் பட்டறைகளுக்குச் சென்றதால் இதற்குக் கப்பற்பட்டறைக் கண் என்றும் பெயர் வந்தது. தமிழகத்திலே இதனை மெட்ராஸ் ஐ என்கிறார்கள். 1918ஆம் ஆண்டு சென்னையில் இக்கிருமி கண்டுபிடிக்கப்பட்டதாற் பெயர் வந்ததென்று சிலர் எழுதுவது பொருந்தாது. சென்னையில் நோய் பரவியது உண்மை. அடினோவைரசு முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டது 1953ஆம் ஆண்டிலேயே. இக்கிருமி உலர்ந்த பொருள்களின் மேலும் பல நாட்கள் உயிர்த்திருக்கும். இதனைக் கொல்லத் தனி மருந்தில்லை. உடலே கொல்ல வேண்டும். கொன்ற பின்னும் அதன் மிச்சங்களோடு உடல் பொருதுவதாற் படலத்தின் மேற்றோலுக்குக் கீழே வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. பெரும்பாலும் அவை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், தாமாகவே மங்கிவிடும். ஸ்டீரொயிட்டுத் துளி அவற்றை அடக்கும். நிறுத்தினால் மீளவும் தோன்றலாம். நெடுநாள் விட்டால் கண்ணின் அழுத்தம் கூடும், புரையும் விழும். எமக்கு வந்த புள்ளிகள் ஓராண்டில் மறைந்துவிட்டன. லேசரைத் தேடும் தேவை எமக்கு வரவில்லை. பல ஆண்டுகள் மாறாத சிலருக்கே அது யோசிக்கப்படுகிறது. அப்போதும் புள்ளிகள் திரும்ப வருவதுண்டு.

ஹெர்ப்பீஸ் வேறு குணமுடையது. உதட்டோரத்திற் கொப்புளம் போடும் அதே கிருமி. பலருடைய உடலில் சிறுவயதிலேயே புகுந்து, முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் ஐந்தாம் மண்டை நரம்பின் முடிச்சிலே சத்தமின்றிக் கிடக்கும். பின்னொரு காலத்தில் எழுந்து நரம்பு வழியே கண்ணுக்கு வரும். பெரும்பாலும் ஒரு கண்ணை மட்டுமே பிடிக்கும். தொடக்கத்தில் வெறுஞ் சிவப்பாகவே தெரியும். அந்நிலையில் ஸ்டீரொயிட்டு மட்டும் விட்டால், உடலின் எதிர்ப்பை அடக்கிக் கிருமிக்குக் கதவு திறந்துவிட்டதாகும். வீக்கமும் சிவப்பும் குறையும், அதைக் கண்டு நாம் மகிழ்வோம், புண் வளரும். எம் நண்பர் எமக்கு நன்றி சொன்ன அந்த மறுநாள் நடந்தது அதுவே. இக்கிருமிக்கு மருந்துண்டு. அசிக்ளோவிர்க் களிம்பும் மாத்திரையும் அவருடைய புண்ணை ஆற்றின. ஆனால் நரம்பு முடிச்சில் உறங்கும் கிருமியை எம்மருந்தும் இன்னும் வெளியேற்றவில்லை. புண் ஆறிய இடத்தில், நட்டநடுவில், பூ விழுந்தது. 6/36 என்ற அளவிலேயே அக்கண் நின்றுவிட்டது. மற்றவர் 36 மீற்றரில் வாசிக்கும் எழுத்தை அவர் 6 மீற்றரில் நின்று வாசிக்க வேண்டியதாயிற்று.

வீடுகளில் முலைப்பால் விடுவதும் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைப்பதும் உண்டு. பெரியோர் எம்மேற் கோபிக்கலாகாது. நாம் கொடுத்த போத்தலைவிட அவை குறைந்த தீமையே செய்திருக்கும். ஆயினும் சிவந்த கண்ணிலே வைத்தியர் பாராத ஒன்றையும் விடாதிருப்பதே மேல்.

இனி ஒளியின் கதை. இதனை ஆறுதலாகவே சொல்ல விரும்புகிறோம்.

லேசர் முதன்முதல் 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒளிர்ந்தது. அது செந்நிற மாணிக்கக் கல்லிலிருந்து வந்த கதிர். பின்னர், 1970ஆம் ஆண்டில், மொஸ்கோவில் நிக்கொலாய் பாசோவும் அவருடைய தோழர்களும் எக்சைமர் என்னும் வகையை உண்டாக்கினர். அதன் வழிவந்த ஒன்று ஆகன், புளோரின் என்னும் இரு வாயுக்களைக் கொண்டு 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள கதிரைத் தருவது. அது கண்ணுக்குத் தெரியாத ஊதா கடந்த கதிர்.

நியூயோர்க் மாநிலத்தில் யோர்க்ரவுன் ஹைற்ஸ் என்னுமிடத்திலே ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கே ரங்கசாமி ஸ்ரீநிவாசன் என்னும் இரசாயன விஞ்ஞானி வேலை செய்தார். 1929ஆம் ஆண்டிற் பிறந்து சென்னைச் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்று, மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்றவர். அவரும் ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளும் என்னும் இருவரும் இக்கதிர் பிளாஸ்திக்கு முதலியவற்றை எப்படி அரிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தனர். உயிர்ப்பொருளில் என்ன செய்யும் என்ற கேள்வி எழுந்தது. 1981ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் தேதி, அமெரிக்கர் கொண்டாடும் நன்றியறிதற் பண்டிகைக்கு மறுநாள், ஸ்ரீநிவாசன் வீட்டிலே விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். அதன்மேல் 193 நனோமீற்றர்க் கதிரைப் பாய்ச்சினார். பச்சை நிற லேசர் கொண்டும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். பச்சைக் கதிர் இறைச்சியைக் கருக்கியது. ஊதா கடந்த கதிரோ கருக்காமல், சுற்றியுள்ள இடத்தைச் சுடாமல், உளி கொண்டு வெட்டினாற்போலத் துப்புரவாக வெட்டியது. பின்னாளில் தலைமயிர் ஒன்றின்மேல் அவர்கள் வெட்டிய படிகளின் படம் உலகப் பிரசித்தமாயிற்று. பண்டிகை மிச்சத்தைப் பூனைக்குப் போடாமல் ஆராய்ச்சிக்குக் கொண்டுபோன மனிதரை எமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கருகாமைக்குக் காரணம் யாதெனில், இக்கதிரின் ஒவ்வோர் ஒளித்துணிக்கையும் அணுக்களைப் பிணைத்திருக்கும் கட்டையே அறுக்கவல்ல சக்தி உடையது. வெப்பமூட்டி எரிப்பதற்கு முன்னரே கட்டறுந்த துண்டுகள் ஆவிபோற் பறந்துவிடும். அன்றியும், கதிர் முழுவதும் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், ஆழத்துக்குப் போகாது. ஓர் அடிப்புக்குப் படலத்தில் ஒரு மில்லிமீற்றரின் நாலாயிரத்திலொரு பங்களவே நீங்கும். 1983ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலுள்ள கண்வைத்தியர் ஸ்டீபன் ட்ரொக்கல், ஸ்ரீநிவாசனோடு சேர்ந்து, விலங்கின் கண்ணிலே இதனைச் செய்துகாட்டி வெளியிட்டார். 1995ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. இக்காலத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதற்கான சிகிச்சை என்றே பலரும் இதனை அறிவர். அந்த ஆண்டில் முதலில் அனுமதி பெற்றது நோயாளர்க்கான தழும்பு நீக்கமே. கண்ணாடி கழற்றும் சிகிச்சை சில மாதங்களின் பின்னரே வந்தது. ஸ்ரீநிவாசன், வைன், புளும் மூவரும் 2013ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதியிடமிருந்து தேசியப் பதக்கம் பெற்றனர்.

இத்துணை நுட்பமான கருவி இருக்க, பூ முழுவதையும் ஏன் சீவி எறிந்துவிடக் கூடாது? நாமும் அப்படியே கேட்டோம். கண்வைத்தியர் பொறுமையாக விளக்கினார்.

ஒன்று, கதிருக்குத் தழும்பும் தெரியாது, நல்ல இடமும் தெரியாது. விழுந்த இடமெல்லாம் ஒரே அளவாகச் சீவும். மேடும் பள்ளமுமான பரப்பை அப்படிச் சீவினால், அதே மேடும் பள்ளமும் சற்றுக் கீழே இறங்கி நிற்கும். வயலை மட்டப்படுத்தும் கமக்காரர் என்ன செய்கிறார்? நீரைக் கட்டுகிறார். பள்ளங்கள் நீருக்குள் மறைய, மேடுகள் வெளியே தெரியும், தெரிவதை வெட்டுகிறார். கண்வைத்தியரும் மெதைல் செலுலோசு போன்ற பசைநீரைப் படலத்தின்மேல் விடுகிறார். பள்ளத்தில் நின்ற நீர் கதிரைத் தான் வாங்கிக்கொள்ள, மேடு சீவப்படுகிறது. பார்வையைக் கெடுப்பதிற் பலவேளை வெண்மையைவிட இந்த மேடுபள்ளமே பெரிய குற்றவாளி. ஆகையாற் பரப்பு வழவழப்பானால், வெண்மை கொஞ்சம் எஞ்சினாலும் பார்வை தேறும். சிலருக்குக் கடினமான தொடுவில்லை ஒன்றை அணிந்தாலே போதும், கதிர் வேண்டுவதில்லை.

மற்றொன்று, ஆழம். படலம் அரை மில்லிமீற்றர்தான். அதன் மேற்புறத்து ஐந்திலொரு பங்குக்குள் நிற்கும் தழும்பே இச்சிகிச்சைக்கு ஏற்றது. அதற்குக் கீழே போனால் படலம் மெலிந்து முன்தள்ளும். அன்றியும், நடுவிலே சீவச் சீவப் படலத்தின் வளைவு தட்டையாகி, கிட்டப் பார்ப்பதற்குக் கண்ணாடி தேவைப்படும். கண்ணாடியைக் கழற்றுவதென்று புகழ்பெற்ற அதே கதிர், பூவுள்ளவருக்குக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்புகிறது!

ஹெர்ப்பீஸ்க்காரருக்கு மூன்றாவதொரு தடையும் உண்டு. வெயிலின் ஊதா கடந்த கதிர் உறங்கும் கிருமியை எழுப்புவதுண்டு. லேசரும் அக்குடும்பத்ததே, அதனோடு சத்திரத்தின் காயமும், பின்னர் விடும் ஸ்டீரொயிட்டுத் துளியும் சேருகின்றன. பூவை நீக்கப்போய்ப் புதுப் புண்ணை வரவழைத்தல் நேரலாம். ஆகவே கண் பல மாதங்கள் அமைதியாயிருந்தாலன்றிக் கைவைக்க மாட்டார்கள். கைவைத்தாலும் அசிக்ளோவிர் மாத்திரையின் காவலோடுதான் வைப்பார்கள். அக்காவலின் பயனை 1998ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. கண்ணில் ஹெர்ப்பீஸ் வந்து ஆறிய 703 பேரில் ஒரு பகுதியினர் 400 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இருமுறை ஓராண்டு உண்டனர். மற்றவர் வெறும் மாத்திரை உண்டனர். வெறும் மாத்திரை உண்டவரில் நூற்றுக்கு 32 பேருக்கு நோய் திரும்பிற்று. மருந்துண்டவரில் 19 பேருக்கு. லேசர் செய்தவர்களைப் பற்றிய ஆய்வன்று அது. ஆனாலும் வைத்தியர் அதனையே வழிகாட்டியாகக் கொள்கின்றனர். பத்தொன்பது என்பது பூச்சியம் அன்று என்பதையும் எம் வைத்தியர் சொல்ல மறக்கவில்லை.

எம் நண்பர் ஓராண்டுக்கு மேலாகக் காத்திருந்தார். லேசர் என்ற சொல்லைக் கேட்ட நாள் முதல் நாமே அவரைவிட அவசரப்பட்டோம். அவருக்குக் கண் வேண்டியிருந்தது. எமக்கு மன்னிப்பு வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே கருவியாற் பெற்றுவிடலாமென்று நினைத்தோம் போலும். 2025ஆம் ஆண்டு நடுப்பகுதியில் தமிழகத்திலுள்ள ஒரு கண் வைத்தியசாலைக்கு அவரும் தாயாரும் சென்றனர். துணைக்கு நாமும் போனோம். பஞ்சு நுனியாற் படலத்தைத் தொட்டு அதற்கு உணர்ச்சி இருக்கிறதா என்று முதலிற் பார்த்தார்கள். ஹெர்ப்பீஸ் அவ்வுணர்ச்சியைத் தின்றுவிடுமாம். உணர்ச்சியற்ற படலம் லேசாக ஆறாது. நல்ல காலம், பெரிதும் எஞ்சியிருந்தது. பின்பு படலத்தின் குறுக்குவெட்டைப் படமாக்கி, மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கை ஓரலகாகக் கொண்டு அளந்தார்கள். முழுத் தடிப்பு 510. பூவின் ஆழம் 110. வைத்தியர் 70க்கு மேற் சீவுவதில்லை என்று தீர்மானித்தார். மிச்சத்தை விட்டுவிடுவாரா என்று தாயார் வருந்தினார். "அம்மா, வெள்ளையை நான் முழுசா எடுக்கப் போறதில்லை. மேலே மட்டமாக்கப் போறேன்" என்றார் வைத்தியர்.

சிகிச்சை முடியச் சில நிமிடமே சென்றது. கண்ணை மரக்கச் செய்யும் துளி. இமையை விரித்துப் பிடிக்கும் கம்பி. மேலே பார்த்துக்கொண்டிருக்க ஒரு சிறு வெளிச்சம். தட்டுத் தட்டென்று ஓர் ஓசை. மயிர் பொசுங்கும் மணம் வந்ததென்று நண்பர் சொன்னார். பின்பு தழும்பு மீளாதிருக்க மைற்றோமைசின் என்ற மருந்தைச் சிறிது நேரம் ஒற்றிக் கழுவி, மிருதுவான தொடுவில்லை ஒன்றைக் கட்டுத்துணிபோல வைத்து அனுப்பினார்கள். வலி அன்றிரவு தொடங்கிற்று. மூன்று நாள் அவர் இருட்டறையிற் கிடந்தார். மேற்றோல் மூடி வளர ஒரு வாரஞ் சென்றது. முதல் மாதம் பார்வை முன்னையிலும் மங்கலாகவே இருந்தது. வேதபாட வகுப்பின் அந்த ஒரு கணத்தை எதிர்பார்த்துக் கொழும்பிலே நாளெண்ணிக்கொண்டிருந்த எமக்கு அந்த மாதம் மிக நீண்டதாயிருந்தது. மூன்றாம் மாதம் கண்ணாடியோடு 6/12 வரை வந்தது. இன்றும் அங்கேயே நிற்கிறது. இரவிலே வாகன விளக்குக் கூசுகிறது. வெயிலிற் கறுப்புக் கண்ணாடியின்றிப் போவதில்லை. மாத்திரையை இன்னும் நாளுக்கு இருமுறை உண்கிறார்.

ஆழமான பூவுக்குப் படலத்தையே மாற்ற வேண்டும். 1905ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆந் தேதி, இன்று செக் நாட்டிலுள்ள ஒலமூச் நகரில், சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த ஒரு தொழிலாளிக்கு எடுவாட் சிர்ம் என்பவர் அதனை முதன்முதல் வெற்றியாகச் செய்தார். அதற்கு இறந்தவர் கண் வேண்டும். 1961ஆம் ஆண்டு வைத்தியர் ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தானச் சங்கத்தின் மூலம் நமது நாட்டிலிருந்து 1964ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூருக்குக் கண்கள் சென்றன. அன்றுதொட்டுப் பல நாடுகளுக்குச் சென்றிருக்கின்றன. ஆனால் ஹெர்ப்பீஸ் வந்த கண்ணிலே மாற்றிவைத்த படலத்திலும் கிருமி மீண்டும் வரலாம். உடல் அதனை ஏற்காதிருப்பதும் அதிகம். அதனாலேயே எழுபது அலகு சீவி 6/12 கிடைத்தபோது வைத்தியர் போதுமென்றார். நாம் போதாதென்றோம். நண்பர் வைத்தியர் பக்கம் நின்றார்.

இச்சம்பவத்தைச் சொல்ல அவர் சம்மதித்தார். பெயரைச் சொல்ல வேண்டாமென்றார். இவ்வுரையின் கையெழுத்துப் பிரதியை முதலில் அவரிடமே கொடுத்தோம். நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் வாசிக்கத் தொடங்கினார். முதற்பக்கம் முழுவதும் வாசித்தார். இரண்டிடத்தில் எமது எழுத்துப்பிழையைத் திருத்தினார். இரண்டாம் பக்கத்தில் எமது எழுத்துச் சிறுத்துப்போயிருந்தது. அங்கே நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, "இனி மற்றக் கண்ணாலை வாசிக்கிறன், நீ தேத்தண்ணி போடு" என்றார்.